நோய் வரப்பு பார்ப்பதில்லை!

விஷ மருந்து இல்லாமல் பயிரைக் காப்பாற்ற முடியுமா? இந்தக் கேள்வி இன்று ஆராய்ச்சிக்கூடங்களில் மட்டும் பேசப்படவில்லை. ஊர்ச் சாவடியிலும் டீக்கடையிலும் பேசப்படுகிறது. நல்லதுதான். ஆனால் பேசுகிறவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் இரண்டே கட்சிதான்.

ஒன்று மருந்துக் கம்பெனிகளின் கட்சி. “மருந்து அடிக்காவிட்டால் நெல் வீடு வந்து சேராது, நாடு பட்டினி கிடக்கும்” என்று அது பயமுறுத்துகிறது. மற்றது இயற்கை விவசாயப் பிரசங்கிகளின் கட்சி. “ரசாயனத்தை விட்டுவிடுங்கள்; மற்றதைப் பூமித்தாய் பார்த்துக்கொள்வாள்” என்று அது உபதேசம் செய்கிறது. இரண்டு கட்சியாரும் ஒரே ஆளை மறந்துவிடுகிறார்கள். தெளிப்பானை முதுகில் கட்டிக்கொண்டு சேற்றில் நடக்கிற தொழிலாளியை மறந்துவிடுகிறார்கள். நாற்றுப் பறித்து, களை பிடுங்கி, தொழு உரம் சுமக்கிற பெண்ணை மறந்துவிடுகிறார்கள்.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விஷமில்லாமல் பயிர் நோய்களைப் பெருமளவுக்கு அடக்க முடியும். ஆனால் அது தனி ஒரு விவசாயி கடையில் புட்டி வாங்கித் தீர்த்துக்கொள்கிற காரியமல்ல. ஊர் ஒன்றுசேர்ந்து, பொது விஞ்ஞானத்தின் துணையோடு, உழைப்பவருக்கு உரிய கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய காரியம். ஏனென்றால் நோய் வரப்பு பார்ப்பதில்லை, பட்டா பார்ப்பதில்லை.

நோய் எப்படி வருகிறது?

பயிர் நோய் தெய்வக் குற்றமல்ல, கண் திருஷ்டியுமல்ல. பூஞ்சாணம், பாக்டீரியா, வைரஸ் ஆகிய கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம். நெல்லில் குலை நோயும் செம்புள்ளி நோயும் பூஞ்சாணத்தால் வருகின்றன. பாக்டீரியாவால் இலைக்கருகல் வருகிறது. துங்ரோ நோய் வைரஸால் வருகிறது. அதைத் தூருக்குத் தூர் சுமந்து செல்வது பச்சைத் தத்துப்பூச்சி.

கிருமி இருந்த மாத்திரத்தில் நோய் வந்துவிடாது. கிருமி வேண்டும், அதற்கு இடங்கொடுக்கிற பயிர் வேண்டும், ஏற்ற பருவமும் வேண்டும். மூன்றும் கூடினால்தான் நோய்.

குலை நோயை எடுத்துக்கொள்வோம். இரவில் குளிர், விடியலில் பனி, பகலில் மூட்டம், இடையிடையே தூறல். இப்படிச் சில நாள் இருந்தால் போதும். இலையில் கண் வடிவில் புள்ளி விழும். நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. கதிர் வெளிவரும் நேரத்தில் கழுத்தில் பிடித்தால் அந்தக் கதிர் பால் பிடிக்காது. வெளுத்து, முறிந்து, பதராகிவிடும். புள்ளியிலிருந்து கிளம்பும் விதைத்தூள் காற்றில் பறந்து அடுத்த வயலுக்குப் போகும். மிராசுதார் வயலா, குத்தகைக்காரன் வயலா என்று அது கேட்காது.

பருவத்தை மாற்ற நம்மால் ஆகாது. ஆனால் பயிர் நோய்க்கு இடங்கொடுப்பது மனிதன் கையில் இருக்கிறது. தழைச்சத்தை மிதமிஞ்சிக் கொட்டினால் பயிர் கரும்பச்சையாக, கொழுகொழுவென்று நிற்கும். பார்க்க அழகு. ஆனால் அந்த மெத்தென்ற இலைதான் குலை நோய்ப் பூஞ்சாணத்துக்கு விருந்து.

இந்த இடத்தில் டில்லியின் கொள்கையும் வயலுக்குள் நுழைகிறது. 2010-ல் மத்திய சர்க்கார் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. யூரியாவின் விலையை மட்டும் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டது. மற்ற உரங்களின் விலை ஏறியது. யூரியா மலிவாக நின்றது. கையில் காசில்லாத விவசாயி எதைப் போடுவார்? யூரியாவைத்தான் போட்டார். யூரியா நோயை அழைத்தது. நோய் மருந்துக் கடைக்காரரை அழைத்தது. இந்தச் சங்கிலியில் விவசாயியின் அறியாமை எங்கே இருக்கிறது? விலையை நிர்ணயித்தவர்களின் கைவரிசைதான் இருக்கிறது.

சரித்திரம் சொல்வது என்ன?

பயிர் நோய் ஏழையின் வயிற்றில் எப்படி இறங்குகிறது என்பதற்குச் சரித்திரத்தில் சாட்சிகள் உண்டு.

இலங்கையின் மலைநாட்டில் வெள்ளைக்காரத் துரைமார் காடுகளை அழித்து, மலைக்கு மலை காப்பி ஒன்றையே நட்டார்கள். உழைத்தவர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கூட்டிச் செல்லப்பட்ட நம் மக்கள். 1869-ல் அங்கே காப்பி இலையில் துரு நோய் காணப்பட்டது. ஒரே பயிர், பக்கத்துக்குப் பக்கம், தோட்டத்துக்குத் தோட்டம். பூஞ்சாணத்துக்கு வேறென்ன வேண்டும்? இருபது வருஷத்துக்குள் இலங்கையின் காப்பித் தொழில் படுத்துவிட்டது. தோட்ட முதலாளிகள் தேயிலைக்கு மாறிக்கொண்டார்கள். பயிர் மாறியது. கொழுந்து பறிக்க வந்தவர்கள் அதே லயத்தில், அதே கங்காணியின் கீழ்தான் நின்றார்கள்.

அடுத்த சாட்சி வங்காளம். 1942-ல் புயலும் வெள்ளமும் அடித்த வருஷத்தில் நெற்பயிரைச் செம்புள்ளி நோய் தாக்கியது. 1943-ல் பஞ்சம் வந்தது. விசாரணைக் கமிஷன் கணக்குப்படியே 15 லட்சம் பேர் மாண்டார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்களில் பலர் சுமார் 30 லட்சம் என்கிறார்கள். அத்தனை பேரையும் கொன்றது பூஞ்சாணமா? இல்லை. பூஞ்சாணம் விளைச்சலைக் குறைத்தது. யுத்தத்தின் பெயரால் படகுகளைப் பறித்தது வெள்ளை சர்க்கார். அரிசியைப் பதுக்கி விலையை ஏற்றியது வியாபாரிக் கூட்டம். பட்டணத்தில் யுத்தத் தொழிலுக்கு அரிசி ஒதுக்கப்பட்டது. கிராமத்துக் கூலிக்காரனும் மீனவனும் வாங்க வழியின்றிச் செத்தார்கள். கிருமி பயிரைத்தான் கொல்லும். மனிதனைக் கொல்வது சமுதாய அமைப்பு.

அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் 1946-ல் ஒரிசாவில் கட்டக் நகரில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

நமது மண்ணிலும் கதை உண்டு. இந்தியாவில் குலை நோய் முதலில் பதிவானதே 1913-ல் தஞ்சை டெல்டாவில்தான். 1919-ல் அது அங்கே பெரும் நாசம் விளைவித்தது. அதன் பிறகு அன்றைய சென்னை மாகாணத்தின் நெல் ஆராய்ச்சியாளர்கள் நோய் தாங்கும் ரகத்தைத் தேடினார்கள். நமது பழைய நெல்லிலிருந்து பொறுக்கியெடுத்த கோ-4 ரகம் குலை நோயைத் தாங்கியது. அதை ஆடுதுறை-10 ரகத்தோடு ஒட்டி கோ-25, கோ-26 ரகங்களை உருவாக்கினார்கள். எந்தக் கம்பெனியும் இதைச் செய்யவில்லை. பொதுப் பணத்தில் நடந்த பொது ஆராய்ச்சி இது. விவசாயி தலைமுறை தலைமுறையாகக் காத்து வைத்த விதையும் விஞ்ஞானியின் அறிவும் சேர்ந்து கொடுத்த பலன். “பழமை மட்டும் போதும்” என்பவர்களும் “புதுமை மட்டும் போதும்” என்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

விஷம் யார் உடம்பில்?

இன்று கம்பெனிகளின் நிலைமை என்ன? 2017-ல் டவ், டூபாண்ட் கம்பெனிகள் ஒன்று சேர்ந்தன. அவற்றின் விதையும் மருந்தும் பிறகு கார்ட்டெவா என்ற பெயரில் தனிக் கம்பெனியாயின. 2018-ல் பேயர் கம்பெனி மான்சாண்டோவை விலைக்கு வாங்கியது. விதை விற்பதும் அவர்கள்தான். அந்த விதையில் நோய் வந்தால் மருந்து விற்பதும் அவர்கள்தான். நோய் குறைந்தால் யாருக்கு நஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை.

குலை நோய்க்கு அடிக்கும் டிரைசைக்ளசோல் என்ற மருந்தைப் பாருங்கள். ஐரோப்பிய நாடுகள் தங்கள் மக்கள் தின்னும் அரிசியில் அது கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2017 கடைசியில் விதித்தன. உடனே இங்கே பதற்றம். பாசுமதி ஏற்றுமதி பாதிக்கும் என்பதால் 2022-ல் பஞ்சாப் சர்க்கார் இந்த மருந்து உட்பட 10 மருந்துகளைப் பாசுமதிக்கு அடிக்கக்கூடாது என்று அறுவடைக்கு முந்திய 60 நாளுக்கு விற்பனையை நிறுத்தியது. வெளிநாட்டில் தின்பவரின் வயிற்றைப் பற்றிக் கவலை பிறந்தது. இங்கே அதை அடிக்கிறவரின் நுரையீரலைப் பற்றி எத்தனை சர்க்கார்கள் கவலைப்பட்டன?

மாங்கோசெப் என்ற பூஞ்சாணக்கொல்லிக்கு 2020 டிசம்பரில் ஐரோப்பிய யூனியன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. அதே 2020 மே மாதம் நமது மத்திய சர்க்காரும் 27 மருந்துகளைத் தடை செய்ய நகல் உத்தரவு வெளியிட்டது. அந்தப் பட்டியலில் மாங்கோசெப்பும் கார்பன்டசிமும் இருந்தன. கம்பெனிகள் ஆட்சேபித்தன. 2023-ல் இறுதி உத்தரவு வந்தபோது பட்டியல் விரல் விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. இந்த இரண்டு மருந்துகளும் தப்பிவிட்டன.

பூச்சி மருந்தின் கதையும் இதேதான். 2017-ல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்து தெளித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் 20 பேருக்கு மேல் விஷமேறி மாண்டார்கள். கேரளத்தில் காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் வருஷக்கணக்காக ஆகாயத்திலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். பிள்ளைகள் ஊனமாகப் பிறந்தன. இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் வழக்காடியது; 2011-ல் அந்த விஷத்துக்குத் தடை வந்தது. 2017-ல் பாதிக்கப்பட்டவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் வீதம் நஷ்டஈடு தரச் சொல்லி உத்தரவும் வந்தது. தானாக வந்ததா? போராடியதால் வந்தது.

ஆலையில் நூற்கும் தோழர் ஒருவர் கேட்கலாம்: “வயல் மருந்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?” சம்பந்தம் உண்டு. பஞ்சுத் தூசி நுரையீரலைக் கெடுக்கிறது என்று ஆலைத் தொழிலாளி முறையிட்டபோது, முதலாளிகள் “நீ பீடி குடித்ததால் வந்தது” என்று சொல்லித் தப்பப் பார்த்தார்கள். இன்று மருந்து தெளித்து மயங்கி விழுந்தவரைப் பார்த்து, “முகமூடி போடாதது உன் குற்றம்” என்கிறார்கள். இரண்டும் ஒரே பாட்டு. ஆலைத் தொழிலாளிக்குப் போராடிப் பெற்ற இ.எஸ்.ஐ. உண்டு. தெளிப்பான் சுமக்கும் விவசாயத் தொழிலாளிக்கு அதுவும் கிடையாது. அவர் உங்கள் அண்ணன். அல்லது உங்கள் மாமன் மகன். அந்த வயலில் விளைந்ததுதான் உங்கள் சோற்றுத் தூக்கில் இருக்கிறது.

வயலில் செய்யக்கூடியது என்ன?

மருந்துக் கம்பெனிகள் சொல்வதுபோல் விஷத்தை விட்டால் கதியில்லை என்பது பொய். நோய் வந்த பின் மருந்து தேடுவது அவர்கள் வழி. நோய் வராமல் தடுப்பது நமது வழி. நெல்லுக்கு என்ன செய்யலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் விதை. உப்புத் தண்ணீரில் விதையைப் போட வேண்டும். கோழி முட்டை மிதந்து, அதன் மேல்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அகலம் வெளியே தெரிகிற அளவுக்கு உப்புக் கரைத்தால் போதும். பதரும் நோய்ப்பட்ட விதையும் மிதக்கும். அள்ளிக் கொட்டிவிட வேண்டும். கீழே தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவ வேண்டும்.

அடுத்தது நன்மை செய்யும் கிருமி. கெட்ட கிருமியை அடக்குகிற நல்ல கிருமிகளும் மண்ணில் உண்டு. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அப்படிப்பட்டது. கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைத் தூளாக்கி விவசாயிகளிடம் கொண்டுவந்தது. விதை கிலோவுக்கு 10 கிராம் தூளைத் தண்ணீரில் கலந்து, இரவு முழுக்க விதையை ஊறப் போட வேண்டும். பிடுங்கிய நாற்றின் வேரை நடவுக்கு முன் அரைமணி நேரம் அதே கரைசலில் நனைக்கலாம். நிலக்கடலை, பருத்தி விதைக்கு டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சாணம், கிலோவுக்கு 4 கிராம். அது வேரழுகலைத் தடுக்கும். இவை உயிருள்ளவை என்பதை மறக்கக்கூடாது. ரசாயனப் பூஞ்சாணக்கொல்லியோடு கலந்தால் செத்துவிடும். வெயிலில் கிடந்த பொட்டலம், நாள்பட்ட பொட்டலம் வெறும் மாவுதான்.

மூன்றாவது வயல் சுத்தம். துங்ரோ கண்ட வயலில் அறுவடை முடிந்த கையோடு தாளை மடக்கி உழ வேண்டும். தாள் மறுதாம்பு விட்டால் வைரஸ் அதிலே தங்கி அடுத்த போகத்துக்குக் காத்திருக்கும். வரப்புப் புல்லைச் செதுக்க வேண்டும். நட்ட வயலில் நெருக்கம் கூடாது. காற்றும் வெயிலும் தூருக்குள் போக வேண்டும். நாற்றின் நுனியைக் கிள்ளி நடுகிற பழக்கம் சில ஊரில் உண்டு; அந்தக் காயத்தின் வழியாகத்தான் இலைக்கருகல் பாக்டீரியா உள்ளே புகும். அதை விட்டுவிட வேண்டும். கருகல் கண்ட வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்கு விடக்கூடாது.

நான்காவது உணவு. தக்கைப்பூண்டு, கொழுஞ்சி, சணப்பை மடக்கி உழுது, தொழு உரம் போட்ட மண்ணில் தழைச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும். பயிர் திடீரென்று கொழுத்து நோய்க்கு இடங்கொடாது. உமிச் சாம்பலில் மணற்சத்து உண்டு. நாற்றங்காலில் போட்டால் இலை கெட்டிப்படும். குலை நோய் எளிதில் துளைக்காது. நெல் முடிந்து உளுந்தோ பயறோ போட்டால் மண்ணில் நெல்லின் கிருமிக்குத் தீனி குறையும்.

இவ்வளவும் செய்து நோய் தலைகாட்டினால், ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து, வடிகட்டி, 200 லிட்டர் தண்ணீரில் கொஞ்சம் சோப்புச் சேர்த்துத் தெளிக்கலாம். இலைக்கருகலுக்குப் பசுஞ்சாணத்தைக் கரைத்துத் தெளிந்த நீரை வடித்துத் தெளிக்கலாம். இவை பாட்டி வைத்தியம் என்று யாரும் சிரிக்க வேண்டியதில்லை. சர்க்கார் பல்கலைக்கழகமே சிபாரிசு செய்தவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “இயற்கை” என்று பெயர் போட்டதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை 1885 முதல் திராட்சைக்கும் பிற பயிர்களுக்கும் பயன்பட்டு வருகிறது. இயற்கை விவசாய விதிகளும் அதை வரம்போடு அனுமதிக்கின்றன. ஆனால் போர்ச்சுகல் நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் வருஷக்கணக்காக அதைத் தெளித்த தொழிலாளிகளின் நுரையீரல் கெட்டுப்போனதை 1969-ல் டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். செம்பு மண்ணிலும் தங்கிவிடும். ஆகவே தின்பவருக்கு எது நல்லது என்று கேட்டால் மட்டும் போதாது. தெளிப்பவருக்கு எது நல்லது என்றும் கேட்க வேண்டும்.

தனி ஆளால் ஆகுமா?

மேலே சொன்னவற்றை ஒரு விவசாயி மட்டும் செய்தால் என்ன ஆகும்? கொஞ்சம் பலன் கிடைக்கும். பக்கத்து வயலில் தாள் உழப்படாமல் நின்றால் தத்துப்பூச்சி அங்கிருந்து வரும். மேல்மடையில் கருகல் இருந்தால் வாய்க்கால் வழியே வரும். ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே நட்டால் கிருமிக்கு எப்போதும் இளம்பயிர் கிடைத்துக்கொண்டே இருக்கும். அவர் ஒருவர் மட்டும் எவ்வளவு சுத்தமாக இருந்து என்ன பயன்?

சீனாவின் யுன்னான் மாகாணத்தில் 1998-லும் 1999-லும் நடந்ததைப் பாருங்கள். அங்கே ருசியான பசை அரிசிக்குக் குலை நோய் மிகுதி. விஞ்ஞானிகளும் விவசாயிகளும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். நோய் தாங்கும் ஒட்டு ரகத்தைச் சில வரிசை நட்டு, இடையில் ஒரு வரிசை பசை அரிசி ரகத்தை நட்டார்கள். ஓரிரு வயலில் அல்ல. முதல் வருஷம் ஐந்து வட்டாரங்களில், மறு வருஷம் பத்து வட்டாரங்களில், நெல் வயல் முழுவதும் இப்படி நட்டார்கள். தனியாக நட்டதைவிடப் பசை அரிசியில் குலை நோயின் கடுமை 94 சதவீதம் குறைந்தது. விளைச்சல் 89 சதவீதம் கூடியது. இரண்டாம் வருஷ முடிவில் பூஞ்சாணக்கொல்லி தெளிப்பதையே நிறுத்திவிட்டார்கள். 2000-ல் இந்த முடிவுகள் உலகத்தின் முன் வைக்கப்பட்டன.

இதில் புது மருந்து எதுவும் இல்லை. ஒரே ரகத்தை எங்கும் நடாமல் கலந்து நட்டார்கள்; ஊர் ஊராகச் சேர்ந்து நட்டார்கள். இலங்கைக் காப்பித் தோட்டத்தில் துரைமார் செய்ததற்கு நேர்மாறு. ஆனால் இரண்டு ரகத்தை வரிசை பார்த்து நடவும், தனித்தனியே அறுக்கவும் கை உழைப்பு அதிகம் வேண்டும். பிரச்னையின் கரு அங்கேதான் இருக்கிறது.

உழைப்புக்குக் கூலி எங்கே?

விஷம் என்பது முதலாளிக்கு என்ன? ஆள் கூலியை மிச்சப்படுத்தும் கருவி. பத்துப் பெண்கள் நாலு நாள் செய்யும் வேலையை ஒரு ஆள் ஒரு புட்டியோடு ஒரு காலையில் முடித்துவிடுகிறார். விஷத்தை எடுத்துவிட்டால் அந்த வேலை மறுபடியும் மனிதக் கைக்கு வரும். நல்லதுதான்; வேலையில்லாத ஊருக்கு வேலை கிடைக்கும். ஆனால் என்ன கூலிக்கு? குப்பை சுமக்கவும், கொழுஞ்சி வெட்டவும், வேப்பங்கொட்டை பொறுக்கி இடிக்கவும் பெண்களுக்கு அரைக்கூலி என்றால், “விஷமில்லா அரிசி” என்ற சீட்டு ஒட்டிய மூட்டையில் பெண்ணின் ரத்தம் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

மண்ணைத் திருத்துவது ஒரு போகத்துக் காரியமும் அல்ல. இயற்கை விளைபொருள் என்று சான்று பெற ஓராண்டுப் பயிருக்கே இரண்டு வருஷம் மாற்றுக் காலம் வேண்டும். அந்தக் காலத்தில் விளைச்சல் குறையலாம். வாய்வார்த்தைக் குத்தகையில் உழுகிறவருக்கு அடுத்த வருஷம் அந்த நிலம் இருக்குமா என்பதே நிச்சயமில்லை. அவர் தொழு உரம் கொட்டி மண்ணைத் தேற்றிய பிறகு நிலச்சொந்தக்காரர் “நிலத்தை விடு” என்றால் யாருக்கு லாபம்? குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. பதிவேட்டில் பெயர் ஏறாத உழவர்கள் இன்றும் ஏராளம். பெயர் இல்லாதவருக்கு மான்யமும் இல்லை, நஷ்டஈடும் இல்லை, சான்றும் இல்லை.

ஆகவே இன்றைய நிலைமையில் இயற்கை விவசாயத்தின் பலன் யாருக்குப் போகிறது? பட்டா உள்ள பெரிய மனிதர்களுக்கும், பட்டணத்தில் அந்த அரிசியை இரட்டை விலைக்கு விற்கும் கம்பெனிகளுக்கும் போகிறது. ஆலைத் தொழிலாளி அந்தக் கடையின் வாசலைக்கூட மிதிப்பதில்லை. நட்டு அறுத்த பெண்ணும் அதை உலையில் போடுவதில்லை. நஞ்சில்லாத சோறு பணக்காரனுக்கு, நஞ்சுள்ள சோறு ஏழைக்கு என்பதா இயற்கையின் நீதி?

இரண்டு தீவுகள்

அவசரக் கட்டளையால் இந்தக் காரியம் நடக்காது என்பதற்கு இலங்கை சாட்சி. 2021-ல் அந்நாட்டு ஆட்சியாளர்கள் ரசாயன உரம், மருந்து இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தார்கள். அன்னியச் செலாவணி இல்லாத குறையை “இயற்கை விவசாயம்” என்ற போர்வையால் மூடினார்கள். மாற்று உரம் இல்லை. நல்ல கிருமித் தூள் இல்லை. கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. நெல்லும் தேயிலையும் விழுந்தன. அரிசியை வெளியிலிருந்து வாங்க நேர்ந்தது. அவ்வருஷம் நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். அடி விழுந்தது யார் மேல்? விவசாயிகள் மேலும், மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் மேலும்தான்.

இன்னொரு தீவு கியூபா. 1990-91-ல் சோவியத் வியாபாரம் நின்றுபோனது. அமெரிக்க முற்றுகையும் கழுத்தை நெரித்தது. மருந்தும் உரமும் வரவில்லை. அவர்கள் பொது நிதியில், நாடெங்கும் 200-க்கும் மேற்பட்ட சிறு உற்பத்தி நிலையங்களை நடத்தினார்கள். டிரைக்கோடெர்மா போன்ற நல்ல பூஞ்சாணங்களையும் நன்மை செய்யும் பூச்சிகளையும் அங்கேயே வளர்த்து, அக்கம்பக்கத்து வயல்களுக்குக் கொடுத்தார்கள். கியூபா எல்லாவற்றையும் சாதித்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. உணவில் பெரும்பகுதியை அது இன்னமும் இறக்குமதி செய்கிறது. ஆனால் நெருக்கடி வந்தபோது அவர்கள் உழவரைக் கடைக்காரரிடம் ஒப்படைக்கவில்லை. விஞ்ஞானத்தை அவர் வாசலுக்குக் கொண்டுபோனார்கள். இலங்கை ஆட்சியாளர்கள் உத்தரவு போட்டார்கள். கியூபா நிலையம் கட்டியது. வித்தியாசம் அதுதான்.

தமிழ்நாட்டு சர்க்காரும் 2023-ல் இயற்கை விவசாயக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. காகிதத்தில் கொள்கை இருந்தால் போதாது. காகிதத்தைக் குலை நோய் படிப்பதில்லை.

நமது கோரிக்கைகள்

1. ஒவ்வொரு ஊராட்சி ஒன்றியத்திலும் சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா தயாரிக்கும் சர்க்கார் நிலையம் வேண்டும். சோதித்துத் தேதியிட்ட தூள், அடக்க விலையில். உயிரில்லாத மாவைப் புட்டியிலும் பொட்டலத்திலும் அடைத்து விற்கும் மோசடிக்காரர்களுக்குச் சிறைத் தண்டனை.

2. காலியாகக் கிடக்கும் வேளாண் உதவி அலுவலர் இடங்களை நிரப்ப வேண்டும். நோய் தலைகாட்டும் முன்பே ஊருக்கு எச்சரிக்கை வர வேண்டும்.

3. நோய் தாங்கும் ரகங்களின் ஆராய்ச்சி பொது நிலையங்களில் நடக்கட்டும். விதை கம்பெனியின் சொத்தாகக் கூடாது. ஒரே ரகத்தை ஜில்லா முழுக்கத் திணிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

4. தொழு உரம், பசுந்தாள், வரப்பு வெட்டு, தாள் உழவு ஆகிய ஊர்ப் பொது வேலைகளுக்குச் சர்க்கார் நிதியில் முழுக்கூலி. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி.

5. குத்தகைதாரர் அனைவரையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். மாற்றுக் காலத்தில் விளைச்சல் குறைந்தால் உழுகிறவருக்கு நஷ்டஈடு தர வேண்டும்.

6. ஐரோப்பாவில் ஆகாது என்று ஒதுக்கிய மருந்து இங்கேயும் ஆகாது. அது ஒழியும் வரை தெளிப்பவருக்குக் காப்பு உடை, வைத்தியம், நஷ்டஈடு. செலவு கம்பெனி தலையில்.

7. விஷமில்லாமல் விளைந்த நெல்லை நியாய விலைக்குச் சர்க்கார் கொள்முதல் செய்து, ரேஷன் கடைக்கும் பள்ளிப் பிள்ளைகளின் சத்துணவுக்கும் கொடுக்க வேண்டும்.

சங்கக் கிளைகளுக்கு ஒரு வார்த்தை

கோரிக்கை எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் வரும் பருவத்துக்கு முன்பே ஊர்க் கூட்டம் போடலாம். என்றைக்கு நாற்று விடுவது, எந்தெந்த ரகம் நடுவது, தாளை யார் யார் எப்போது உழுவது, அதற்கு என்ன கூலி என்று எல்லோரும் கூடி முடிவு செய்யலாம். விதை நேர்த்தியை ஊர்ப் பொது இடத்தில் ஒரே நாளில் செய்யலாம். மருந்து தெளித்து நோய்ப்பட்டவர்களின் விவரத்தை எழுதி வைக்கலாம்; நாளைக்கு வழக்குக்கும் போராட்டத்துக்கும் அதுவே சாட்சி. ஆலைத் தொழிலாளர் சங்கங்கள் தங்கள் ரேஷன் அரிசிப் போராட்டத்தோடு இந்தக் கோரிக்கைகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வரப்பு நிலத்தைப் பிரிக்கிறது. ஜாதி தெருவைப் பிரிக்கிறது. உழுகிறவரையும் கூலிக்கு அறுப்பவரையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள். பூஞ்சாணம் இந்தப் பிரிவினை எதையும் மதிப்பதில்லை. அது ஊர் முழுவதையும் ஒரே வயலாகப் பார்க்கிறது. நாமும் அப்படிப் பார்க்கக் கற்றுக்கொண்டால் அதை வெல்லலாம்.